பள்ளியில் வம்பு: பஞ்சாயத்து பண்ணும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஒரு பையனின் டிபன் பாக்ஸை நாலு பேர் தினமும் பிடுங்குகிறார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவன் ஒருவனைத் தள்ளிவிடுகிறான். விஷயம் ஆசிரியரிடம் போகிறது. "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு. சாரி சொல்லிட்டு கை குடுங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான பள்ளிகள் சறுக்குவது இங்கேதான்.

1970களிலேயே ஸ்வீடனிலும் நார்வேயிலும் பள்ளி வம்பை ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. மூன்றாவதை மறந்துவிட்டுத்தான் நாம் சமாதானம் பேசுகிறோம். நாலு பேருக்கு நடுவே மாட்டியவனைச் சமாதானத்துக்கு உட்காரவைத்தால், அவன் தலையை ஆட்டிவிட்டு வருவான், அவ்வளவுதான். "நீயும் திருப்பிக் குடுடா" என்று வீட்டில் சொல்வதும் இதே கணக்குதான். திருப்பிக் கொடுக்க முடிந்தால் அவன் எப்போதோ கொடுத்திருப்பானே!

அடுத்தது, அடித்தவன், அடிபட்டவன் இருவரை மட்டும் அழைத்து விசாரிப்பது. சுற்றி நின்று சிரித்தவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி குழு உருவாக்கி, 2009 முதல் நாடெங்கும் பரவிய 'கிவா' திட்டம் அந்தக் கூட்டத்தைத்தான் குறிவைத்தது. கைதட்டல் நின்றால் வம்பிழுப்பவனுக்கு அதில் ருசி போய்விடும் என்பது அதன் கணக்கு. கனடாவின் டொராண்டோவில் விளையாட்டுத் திடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, உடன் படிக்கும் பிள்ளைகள் தலையிட்ட சம்பவங்களில் 57 சதவீதம் பத்து விநாடிக்குள் நின்றுபோயின.

"எங்க பள்ளியில் அப்படி ஒரு புகாரே இல்லை" என்று பெருமைப்படுவது இன்னொரு வகை. ஜப்பானின் ஓட்சு நகரில் 2011இல், சக மாணவர்களின் வம்புக்கு ஆளான 13 வயதுச் சிறுவன் தற்கொலை செய்துகொண்டான். பள்ளியும் கல்வி வாரியமும் அதைக் கையாண்ட விதம் நாட்டையே கொதிக்கவைத்தது. 2013இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி, சக மாணவர் செய்வதால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு மனதிலோ உடலிலோ வலி என்றால், அது 'இஜிமே' (ஜப்பானிய மொழியில் இந்த வம்புக்குப் பெயர்) தான். 2023 கல்வியாண்டில் அங்கே பதிவானவை 7.3 லட்சத்துக்கும் மேல். ஜப்பான் கெட்டுப்போய்விட்டது என்று இதைப் படித்தால் தப்பு. முன்பு மூடி மறைத்தவை இப்போது கணக்கில் ஏறுவதும் அதில் இருக்கிறது.

நாடுகளை ஒப்பிடும்போதும் கேள்வியைப் பார்க்க வேண்டும். உலக மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்று 2019இல் யுனெஸ்கோ சொன்னது, கடந்த ஒரு மாதத்தில் ஒருமுறையாவது பாதிக்கப்பட்டவர்களை. 2018இல் 15 வயது மாணவர்களிடம் நடந்த சர்வதேச பீசா ஆய்வின் 23 சதவீதமோ, மாதத்தில் சில முறையாவது அனுபவித்தவர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த நாடு மோசம் என்று வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, வம்பிழுத்தவர்களின் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தனியே விடுவது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் அதுதான் நடந்தது. சாதி சொல்லிச் சீண்டியதால் பள்ளிக்குப் போகாமலிருந்த மாணவர், யார் யார் என்று பள்ளியில் சொன்னார். பிறகு அவரை வீடு தேடி வந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. ஆகவே, புகார் வந்த அன்றே சில விஷயங்களை முடிவு செய்துவிட வேண்டும்: பிள்ளை யாருடன் வீடு திரும்புவது, யார் பக்கத்தில் உட்காருவது, நாளைக்கும் அடுத்த வாரமும் யார் விசாரிப்பது. பள்ளி அசையவில்லையா? குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் செய்யுங்கள்.