ஏழு கிலோவில் வெளிநாடு: காலிப் பெட்டியின் எடை தெரியுமா?

போன மாதம் சென்னை விமான நிலையத்தில், கோலாலம்பூர் வரிசையில், ஒரு பையன் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சட்டைமேல் சட்டையாக மாட்டிக்கொண்டிருந்தான். அவன் வீட்டுப் பருப்புப்பொடி டப்பாவோடு நண்பன் பக்கத்தில் விழித்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன். துணியைச் சுருட்டி வையுங்கள், பட்டியல் போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

காலிப் பெட்டியை எடை போடாதது

எனக்கு இன்றும் எரிச்சல் வரும் தவறு இதுதான். பேஸ்ட்டைக்கூடச் சின்ன ட்யூபாகத் தேடி வாங்குகிறோம். பெட்டி எத்தனை கிலோ என்று கேட்பதே இல்லை. இங்கிருந்து கிழக்கே போகும் பல விமானங்களில் கைப்பெட்டிக்கு 7 கிலோதான். சக்கரமும் இழுக்கும் கைப்பிடியும் வைத்த கெட்டிப் பெட்டி காலியாகவே 3 கிலோ இருக்கும். லேப்டாப்பும் சார்ஜரும் 2 கிலோ. பத்து நாள் துணிமணிக்கு மிஞ்சுவது 2 கிலோ. சில நிறுவனங்கள் லேப்டாப் பையையும் அந்த 7 கிலோவுக்குள்தான் சேர்க்கின்றன.

முதல் பயணத்துக்குப் பளபளவென்று ஒரு பெட்டி வாங்கினேன். கவுன்டரில் 8.6 காட்டியது. கூடுதல் எடைக்கு, முன்பே இணையத்தில் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் தொகையைப்போல இரண்டு மடங்கு அங்கே கேட்டார்கள். கட்டினேன். திரும்பி வரும்போதும் கட்டினேன், பெட்டி அதே பெட்டிதானே! வீட்டுக்கு வந்து காலி செய்து எடை போட்டால், 3.2 கிலோ.

இப்போது 900 கிராம் முதுகுப்பை. அதே சாமான், 6.3. பை வாங்கப் போகும்போது கொக்கித் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை, மாட்டித் தூக்கிப் பாருங்கள். ஒன்றரை கிலோவைத் தாண்டினால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

ஜீன்ஸ்

ஒன்று. அதையும் போட்டுக்கொண்டே ஏறுங்கள்.

டர்க்கி டவல்

கனமும் அதிகம், காயவும் காயாது. ஈரிழைத் துண்டு போதும். இரவில் அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

பவர் பேங்க்

கைப்பையில் மட்டும். அதில் சேமிக்கும் மின்சாரத்தின் அளவு 100 வாட் ஹவருக்குள் இருக்கட்டும். மேலே 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் சுமார் 74 வாட் ஹவர்தான், சரி.

ஊறுகாய்

கைப்பையில் வேண்டாம். திரவமாக இருப்பது எதுவும் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதியில் மாட்டும்.

"இதை மட்டும் கொடுத்துடு தம்பி"

இதற்குத்தான் மறுப்புச் சொல்ல வாய் வராது. ஒருமுறை சிங்கப்பூர் கிளம்பும்போது பக்கத்து வீட்டு அக்கா, மகளுக்கென்று ஒரு மசாலாப் பொட்டலம் தந்தார். கால் கிலோதான். என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்த்தேன்: கசகசா. சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டம் வரை போகும். அடுத்தவர் கட்டிய பொட்டலம் என்று அங்கே சொல்லிப் பயனில்லை. யார் பையில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். மகளை முந்திரி அரைத்துவிட்டுக் குருமா வைக்கச் சொல்லுங்கள் என்றேன்.