பழைய ஆம்ப்ளிஃபயரில் அடங்கிப்போன இடப்பக்கம்

சென்னை ரிச்சி தெருவில் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்குமுன், ஸ்பீக்கரை இணைக்காமல், உள்ளிருந்து ஸ்பீக்கர் முனைகளுக்கு ஒலியை விடும் மின்காந்த சுவிட்சான ரிலே 'டிக்' என்று சேர்ந்த பிறகு மல்டிமீட்டரால் ஸ்பீக்கர் முனைகளை அளந்தேன். இருபக்கமும், ஸ்பீக்கரைக் கெடுக்கக்கூடிய டிசி (நேர்மின்னோட்ட) வோல்டேஜ் 20 மில்லிவோல்ட்டைத் தாண்டாததால் துணிந்து வாங்கினேன். வீட்டிலோ, மெல்லிய ஒலியில் இடப்பக்கம் அடங்கிப்போய், ஒலியைக் கூட்டியதும் திடீரென உயிர்பெற்றது. வால்யூம் குமிழில் கரகரப்பு இல்லாததால், ஐயம் ஸ்பீக்கர் பாதுகாப்பு ரிலேயின்மீது விழுந்தது. மின்இணைப்பைத் துண்டித்து, கெப்பாசிட்டர்களின் மின்னேற்றம் வடிந்ததை மீட்டரில் உறுதிசெய்தபின் (இதில் அவசரம் கூடவே கூடாது) திறந்து பார்த்தால், ரிலேயின் வெள்ளி முனைகள் கறுத்திருந்தன. உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும் என்பதால், அதே 24 வோல்ட் சுருளும் அதே கால் அமைப்பும் கொண்ட புதிய ரிலேயைப் பற்றவைத்தேன். இப்போது நள்ளிரவின் தாழ்ந்த ஒலியிலும் வீணையின் மீட்டு இருபக்கமும் ஒத்துக் கேட்கிறது.