காலித் தோட்டாவும் மான் கொம்பும்: பேனா கடையும் முறை

சுட்டு முடித்த .308 வின்செஸ்டர் தோட்டாவின் கூடு பேனாவின் கீழ்ப்பாதி, உதிர்ந்த மான் கொம்பு மேல்பாதி. உள்ளே இருப்பது சாதாரண 'ஸ்லிம்லைன்' பேனா கிட். அதில் 7 மி.மீ. பித்தளைக் குழாய் இரண்டு, முறுக்கினால் ரீஃபிலை வெளியே தள்ளும் பொறி, முனை, கிளிப், கிராஸ் (Cross) நிறுவன வகை ரீஃபில் எல்லாம் இருக்கும். அமெரிக்க மரக்கடைசல்காரர்களுக்கு இது பழகிய வேலை.

.308-ஐச் சொல்வதற்குக் காரணம் அளவு. கூட்டின் நீளம் 51.2 மி.மீ., கிட் குழாய் சுமார் 53. கூட்டின் கழுத்து வெளிவிட்டம் ஏறக்குறைய 8.7, கிட்டின் முனை 8.3. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது அபூர்வம். .30-06 கூடு 63 மி.மீ.க்கு மேல் நீளம், குழாய் எட்டாது.

வேலைக்கு முன் சட்டம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான் கொம்புகளைக் காட்டில் தானாக உதிர்ந்து கிடந்தாலும் எடுத்து வரக்கூடாது. காலிக் கூடு வைத்திருப்பதும் ஆயுதச் சட்டச் சிக்கலைக் கொண்டுவரலாம். ஆகவே இது அமெரிக்கா போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கான குறிப்பு. அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். உதிர்ந்த கொம்பு பொறுக்குவதற்கே சில மேற்கு மாநிலங்களில் பருவக் கட்டுப்பாடு உண்டு.

கூட்டைக் கையில் எடுத்ததும் அடிப்பாகத்தின் நடுவிலுள்ள பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, பாருங்கள். துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம் இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம். வெடிக்காத பிரைமரில் டிரில் பட்டால் கையில் வெடிக்கும். பள்ளம் இருந்தால் வாய் வழியாக மெல்லிய உலோகக் குச்சியை விட்டு, நடுவிலுள்ள சிறு துளை வழியே பிரைமரைத் தட்டி வெளியேற்றலாம். குச்சி நடுவில் துளையே காணாமல் முட்டினால் அது பெர்டான் வகைக் கூடு: ஓரமாக இரண்டு துளைகள் இருக்கும். (இந்த முறையைக் கண்டுபிடித்த பெர்டான் அமெரிக்கர், நடுவில் ஒரே துளையுள்ள முறையைக் கண்டுபிடித்த பாக்ஸர் ஆங்கிலேயர், ஆனால் அமெரிக்கத் தோட்டாக்களில் பாக்ஸர் முறைதான்.) அதோடு மல்லுக்கட்டாமல் வேறு கூடு எடுங்கள். காந்தத்தில் ஒட்டினால் எஃகு, அதுவும் வேண்டாம்.

பிரைமர் கரியில் ஈயம் உண்டு. ஊதாதீர்கள், உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு போட்ட சுடுநீரில் அலசி, அரை லிட்டர் வெந்நீருக்கு ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் போதும். வினிகரில் ராத்திரி முழுக்கப் போட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து மேற்பரப்பு செம்பு நிறமாகிவிடும்.

இனி கூட்டின் அடியை 7 மி.மீ.க்குத் துளைக்க வேண்டும். பிரைமர் குழி 5.3 மி.மீ. இருப்பதால் வழிகாட்டித் துளை தேவையில்லை. ஆனால் பித்தளை டிரில் பிட்டைக் கவ்வி இழுக்கும்; இழுத்தால் கூடு சுழன்று விரலைக் கிழிக்கும். நடுவே பிளந்த மரக்கட்டையில் பொருத்தி வைஸில் இறுக்குங்கள். பிட்டின் வெட்டும் விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாகத் தேய்த்துக் கூர்மையைக் குறைத்துவிட்டு, 5.5, 6, 7 என்று படிப்படியாகப் போங்கள்.

குழாயை 220 உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரு முனையையும் உருளைக்கிழங்குத் துண்டில் குத்தி அடையுங்கள்; பசை உள்ளே போகாது. கழுத்தில் சுற்றிலும் அரை மி.மீ. அளவு இடைவெளி இருக்கும். அங்கே மாஸ்கிங் டேப்பை ஒரு சுற்றாகச் சுற்றி மையத்தில் நிறுத்தி, இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி பசையால் ஒட்டுங்கள். சூப்பர் குளூ இவ்வளவு இடைவெளியை நிரப்பாது. காய்ந்ததும் குழாயின் மிச்சத்தைக் கூட்டோடு சமமாக அராவிவிடலாம்.

கொம்பில்தான் பெரும்பாலான பேனாக்கள் கெட்டுப்போகின்றன. மான் கொம்பு எலும்பு: வெளியே கெட்டி, உள்ளே பஞ்சுபோல் நுண்துளைகள். தடித்த நடுக்கொம்பைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்தால், கடையக் கடையக் கெட்டி அடுக்கு தீர்ந்து பஞ்சு வெளியே வந்துவிடும். 15–16 மி.மீ. பருமனுள்ள கிளைக்கொம்பே நல்லது. அதன் பஞ்சுப் பகுதி குறுகல் என்பதால் 7 மி.மீ. துளையே அதைப் பெரும்பாலும் தின்றுவிடும். வெளிப்பக்கப் பழுப்பு நிறத்திலும் கொஞ்சம் மிஞ்சும்.

குழாயைவிட 3 மி.மீ. நீளமாக, முடிந்தவரை நேரான துண்டாக அறுங்கள். இரு முனை மையத்தையும் குறித்து, அந்தக் கோட்டுக்கு டிரில் நேராக இருக்கும்படி வைஸில் பிடியுங்கள். மெதுவான வேகம், 5 மி.மீ.க்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். முடி கருகும் நாற்றம் தூக்கலாக வந்தால் சூடு ஏறிவிட்டது, விரிசல் பின்னாலேயே வரும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது: என்95 முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் கட்டாயம். துளைக்குள் நீர்த்த சூப்பர் குளூவை ஊற்றி நுண்துளைகளை அடைத்து, காய்ந்ததும் 7 மி.மீ. பிட்டை மறுபடி ஓட்டிவிட்டு, எபாக்சியில் குழாயைச் செருகுங்கள்.

லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) கொம்பைக் கடையும்போது கூட்டோடு சேரும் முனை 12 மி.மீ.; அதுதான் கூட்டின் விளிம்பு அளவு. கிளிப் பக்கம் 8.3. அப்படியானால் கிளிப் பக்கம் கொம்பின் சுவர் முக்கால் மி.மீ.கூட இருக்காது. அதனால் கொம்பின் கூரான பக்கத்தை, அதாவது கெட்டியான பக்கத்தை, கிளிப்புக்கு ஒதுக்குங்கள். உளி கூராக இருக்கட்டும், மேலோட்டமாகச் சீவுங்கள். வெளிப்படும் குழிகளில் கொம்புத் தூளைத் திணித்து ஒரு சொட்டு சூப்பர் குளூ விடலாம். 240-இல் தொடங்கி 600 வரை உப்புத்தாள். தேய்க்கும்போது துண்டின் இரு முனையிலும் மாட்டும் உலோக அளவு வளையத்தில் (புஷ்) தாள் பட்டால் அதன் சாம்பல் தூள் நுண்துளைகளில் ஏறி நிரந்தரக் கறையாகும். இந்தக் கட்டத்தில் புஷ்ஷுக்குப் பதில் துண்டைப் பிடிக்கப் பிளாஸ்டிக் கூம்புகளுக்கு மாறிவிடுங்கள். பித்தளை பாலிஷையும் கூட்டைக் கொம்போடு சேர்ப்பதற்கு முன்பே முடியுங்கள்.

பூட்டும்போது கழுத்தில் முனை, கொம்பில் கிளிப், பிறகு கூட்டின் அடியில் பொறி. கீழ்க்குழாயில் 2 மி.மீ. அராவிவிட்டதால் பொறியையும் கிட் சொல்வதைவிட 2 மி.மீ. குறைவாகவே அழுத்த வேண்டும். ரீஃபிலைப் போட்டு, திருகிப் பார்த்து, மறுபடி துளி அழுத்தி, இப்படியே போங்கள். ஆழமாகப் போய்விட்டால் மடக்கினாலும் ரீஃபில் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பொறியைச் சேதமில்லாமல் இழுக்க முடியாது. இரு பாதிக்கும் இடையே போடும் கிட்டின் நடு வளையத்தை விட்டுவிட்டால் கொம்பு கூட்டின் மேலேயே அழகாக உட்காரும். ஆனால் திருகும்போது இறுக்கமாக இருந்தால் வளையத்தைப் போட்டுவிடுங்கள்.

விமானப் பயணத்துக்கு மட்டும் இந்தப் பேனா வேண்டாம். எக்ஸ்ரே திரையில் அது தோட்டாவாகத்தான் தெரியும்.