உடனடிப் பதற்ற மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

பதற்றத்திற்கு உடனடி நிவாரணமாக மருத்துவர்கள் எழுதித் தரும் அல்பிரசோலாம், லோராசிபாம், குளோனசிபாம், டயசிபாம் ஆகிய நான்கும் பென்சோடயசிபைன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூளையின் வேகத்தை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டியே இவை அனைத்தும் மனத்தை அமைதிப்படுத்துகின்றன. எனவே இவற்றில் எது வீரியமானது என்று கேட்பதைவிட, எவ்வளவு விரைவில் ஏறுகிறது, எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்று கேட்பதே பயன்தரும்.

முதலில் ஏற்றத்தைப் பாருங்கள். கொழுப்பில் எளிதில் கரையும் டயசிபாம் மூளையை மிக விரைவாக எட்டுகிறது. வாய்வழியாக உட்கொண்டபின், டயசிபாமும் அல்பிரசோலாமும் ஏறத்தாழ 1 முதல் 2 மணி நேரத்திலும், லோராசிபாம் சுமார் 2 மணி நேரத்திலும், குளோனசிபாம் 1 முதல் 4 மணி நேரத்திலும் இரத்தத்தில் உச்ச அளவை அடைகின்றன.

இறக்கம்தான் பலர் கவனிக்காத பகுதி. இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய அல்பிரசோலாமுக்குச் சராசரியாக 11 மணி நேரமும், லோராசிபாமுக்கு 12 மணி நேரமும், குளோனசிபாமுக்கு 30 முதல் 40 மணி நேரமும் ஆகின்றன. டயசிபாமோ, உடலில் உருமாறிய பிறகும் பல நாள்கள் தங்கிச் செயல்படுகிறது. விரைவாக ஏறி விரைவாக இறங்கும் அல்பிரசோலாம், அடுத்த வேளைக்கு முன்பே பதற்றத்தைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். அதை நோய் முற்றியதாக எண்ணி இன்னொரு மாத்திரையைத் தேடுவதில்தான் பழக்கம் வேரூன்றுகிறது. நெடுநேரம் தங்கும் மருந்துகளில் இந்த ஏற்ற இறக்கம் மென்மையாக இருந்தாலும், முதியவர்களிடம் அவை தேங்கி, தள்ளாட்டத்தையும் விழுந்து எலும்பு முறியும் ஆபத்தையும் கூட்டுகின்றன. கல்லீரல் பழுதடைந்தவர்களுக்கு லோராசிபாம் ஒப்பீட்டளவில் ஏற்றது.

மில்லிகிராம் எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். 0.5 மி.கி. அல்பிரசோலாம் தோராயமாக 10 மி.கி. டயசிபாமுக்கு நிகரானது. சிறிய எண்ணைக் கண்டு லேசான மாத்திரை என்று நம்பி, வீட்டில் ஒருவருக்கு எழுதியதை மற்றவருக்குக் கொடுப்பது மிகவும் வருந்தத்தக்க வழக்கம்.

அடிமையாதல் வேறு, உடல் மருந்தைச் சார்ந்துபோதல் வேறு. மருத்துவர் சொன்ன அளவை மீறாதவருக்கும், தொடர்ந்து சில வாரங்கள் உட்கொண்டால் சார்பு உண்டாகலாம். அது அவருடைய ஒழுக்கக் குறைவன்று. பிரிட்டனில் பொதுவாக 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் தர வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது. 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சார்பு, தவறான பயன்பாடு, நிறுத்தும்போது வரும் விலகல் விளைவுகள் ஆகியவை பற்றிய கடும் எச்சரிக்கையை இந்தக் குடும்பம் முழுவதற்கும் கட்டாயமாக்கியது. இந்தியாவில் இவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது. கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலான எச்1 அட்டவணையில் அல்பிரசோலாமும் டயசிபாமும் இருப்பதால், அவற்றின் விற்பனையைப் பதிவேட்டில் குறிக்கவும் வேண்டும்.

ஆகவே, சீட்டைப் பெறும்போதே எத்தனை நாள், எப்படி நிறுத்துவது, நீண்ட காலத்திற்கு என்ன சிகிச்சை என்று மருத்துவரிடம் கேளுங்கள். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்றாலும், இத்தகைய பிடியை உண்டாக்குவதில்லை. எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சு வழியாக மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும் நல்ல பலன் தருகிறது. மது, ஓபியாய்டு வலி நிவாரணிகள், தூக்கத்தில் மூச்சுத் திணறல், கர்ப்பம், முன்பிருந்த போதைப் பழக்கம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். மதுவோடும் ஓபியாய்டோடும் சேரும்போது மூச்சே நின்றுவிடலாம்.

ஏற்கெனவே பல வாரங்களாக உட்கொள்பவர், இதைப் படித்த அச்சத்தில் இன்றே நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை மட்டுமன்றி, உயிருக்கே ஆபத்தான வலிப்பும் வரலாம். மருத்துவரின் கண்காணிப்பில், பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு என்ற அளவில் குறைத்து வருவதே பாதுகாப்பான வழி. அதற்கு மாதங்கள் பல ஆகலாம். இடையில் பதற்றம் கூடினால், குறைப்பைச் சிறிது நிறுத்திவைக்கும்படி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.