பச்சையான பழைய ராப் ஆல்பங்களைத் தூசு தட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1989க்கும் 1993க்கும் நடுவில் அமெரிக்காவில் வந்த, பெரும்பாலும் பெரிதாக ஓடாத, வாயைத் திறந்தாலே பச்சை பச்சையாகப் பேசுகிற ராப் ஆல்பங்களைத் தேடிப் பிடித்துக் கேட்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். நல்ல விஷயம், அந்த ஆல்பங்களில் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. இந்த வட்டாரத்தில் ரொம்ப காலமாகக் கிடக்கிறவன் என்பதால், எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க அண்ணா’ என்று கேட்கிற தம்பிகளும் தங்கைகளும் எனக்கு உண்டு. ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது சத்தமாகப் போடாதீர்கள் என்கிற மாதிரி புத்திமதி யாருக்கும் தேவையில்லை, அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் கேட்பது

இந்த வகை ஆல்பங்கள் பலவற்றுக்கு இரண்டு பதிப்புகள் உண்டு. கடைக்கும் வானொலிக்கும் ஏற்றபடி கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்ட ‘க்ளீன்’ பதிப்பு ஒன்று, உள்ளது உள்ளபடி இன்னொன்று. க்ளீன் என்றால் வார்த்தை வரும் இடத்தில் சத்தத்தை அமுக்குவது மட்டும் இல்லை. சில பதிப்புகளில் வரியையே மாற்றிப் பாடியிருப்பார்கள், சிலவற்றில் பாட்டே வேறாக இருக்கும். மயாமியின் ராப் குழு டூ லைவ் க்ரூ 1989இல் வெளியிட்ட ‘ஆஸ் நாஸ்டி ஆஸ் தே வானா பி’ ஆல்பத்தைத்தான் எல்லோரும் தேடுவார்கள். அதே ஆண்டு வந்த அதன் சுத்தமான ஜோடி, ‘ஆஸ் க்ளீன் ஆஸ் தே வானா பி’, அதை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் பழைய ராக் பாடகர் ராய் ஆர்பிசனின் ‘ஓ, பிரிட்டி வுமன்’ பாட்டைக் கிண்டலடித்து அவர்கள் பாடியது அந்தச் சுத்தமான ஆல்பத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டுதான் உச்ச நீதிமன்றம் வரை போய், காசுக்கு விற்றார்கள் என்பதாலேயே ஒரு பகடியை உரிமை மீறல் என்று தள்ளிவிட முடியாது என்ற தீர்ப்பை 1994இல் வாங்கிக் கொடுத்தது. பச்சையான ஆல்பத்தில் அதைத் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்றதும் ‘ஸ்ட்ரீமிங்கில் தூக்கிவிட்டார்கள்’ என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

நிஜமாகவே தூக்கப்பட்டவையும் உண்டு. 1991 டிசம்பரில், பாடகர் கில்பர்ட் ஓ’சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதி இல்லாமல் சாம்பிள் எடுத்ததற்காக, அதாவது ஒரு துண்டை வெட்டித் தன் பாட்டில் ஒட்டியதற்காக, ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் தடை போட்டது, அவருடைய ‘ஐ நீட் எ ஹேர்கட்’ ஆல்பத்தையே கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால் சின்னக் கம்பெனிகள் பல, அனுமதியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாமல் சாம்பிளுக்கு மேல் சாம்பிளாக அடுக்கின. இன்று அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிட வேண்டுமானால் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமைக்காரரைத் தேட வேண்டும், வெளியிட்ட கம்பெனியே மூடிப்போயிருந்தால் தேடுவதற்கும் ஆள் இல்லை. அதனால் ஸ்ட்ரீமிங்கில் இருப்பதுதான் ஆல்பம் என்று நம்பாதீர்கள். ரெக்கார்டுகளின் பதிப்பு விவரங்களைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் பாட்டு வரிசையையும் ஒவ்வொரு பாட்டின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

பழைய கேசட் வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்று. கேசட்டின் வாய்ப்பக்கம், டேப்பைப் படிக்கிற ஹெட்டோடு அதை அழுத்திப் பிடிக்க, சின்னதாக ஒரு ஃபெல்ட் துண்டு ஒட்டியிருக்கும். முப்பது வருஷத்தில் பசை காய்ந்து அது உதிர்ந்துவிடும். உதிர்ந்த கேசட்டைப் போட்டால் டேப் ஹெட்டைச் சரியாகத் தொடாமல், ஹை-ஹாட் சத்தமெல்லாம் போய், பாடுகிறவர் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுவிட்டு ‘மிக்ஸிங் மோசம், குறைந்த பட்ஜெட் ஆல்பம்’ என்று எழுதினால் அந்த ஒலிப்பதிவுக்காரருக்குச் செய்கிற அநியாயம்.

மயாமி பேஸை போன் ஸ்பீக்கரில் கேட்பது

மயாமி பேஸ் என்பது அந்த ஊரின் அடி அதிரும் ராப் வகை. அந்த ஆல்பங்கள் ரோலண்டின் டிஆர்-808 ட்ரம் மெஷின் போடுகிற கிக்கை, அதாவது கனமான அடித்தாளத்தைச் சுற்றிக் கட்டப்பட்டவை. அடித்ததும் நிற்காமல் நீண்டு இறங்குகிற அந்தச் சத்தம் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது, போன் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்குப் போகவே போகாது. காருக்கும் நடனக் கூடத்துக்கும் செய்த பாட்டிலிருந்து அடியை உருவிவிட்டால் மிச்சம் இருப்பது வசவு மட்டும். ‘வெறும் கெட்ட வார்த்தைதான், இசையே இல்லை’ என்று சொல்கிறவர்களிடம் எதில் கேட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஒரு நல்ல ஹெட்போன் போதும்.

இந்தப் பேச்சு 1990இல் பிறந்தது என்று நினைப்பது

இல்லை. ப்ளூஸ் பாடகி லூசில் போகன் 1935இல் பதிவு செய்த ‘ஷேவ் எம் ட்ரை’யைக் கேட்டால் ராப்காரர்களே வெட்கப்படுவார்கள். மயாமியில் கிளாரன்ஸ் ரீட் என்கிற பாடலாசிரியர், பாடகி பெட்டி ரைட்டுக்கு ‘க்ளீன் அப் வுமன்’ எழுதிய அதே 1971இல், முகமூடி மாட்டிக்கொண்டு ‘ப்ளோஃப்ளை’ என்ற பெயரில் பச்சைப் பாட்டு ஆல்பமும் போட்டார். நகைச்சுவைக் கலைஞர் ரூடி ரே மூர், தெருமுனைகளிலும் மதுக்கடைகளிலும் ஆண்கள் சந்தம் போட்டுச் சொல்லிவந்த நீளமான கதைகளை எடுத்து ரெக்கார்டாக்கினார். டூ லைவ் க்ரூ இந்த ரெக்கார்டுகளிலிருந்து நேரடியாகவே சாம்பிள் எடுத்தார்கள், ராப்பர் பிக் டாடி கேன் 1990இல் மூரையே ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்து எதிரெதிராக நின்று ஏசிக்கொள்ள வைத்தார். இதையெல்லாம் ஒரு வாரம் கேட்டுவிட்டு வந்தால், எந்த வரி பழைய ஜோக், எந்த வரி புதிது என்று காதே சொல்லும். நேரே 1990க்குள் குதிக்கிறவருக்கு எல்லாமே சொந்த வாழ்க்கை வாக்குமூலமாகத் தெரியும்.

‘அந்தக் காலம் அப்படித்தான்’ என்று எழுதிவிடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அடங்காத தவறு இதுதான். ஒரு தம்பி பிரமாதமான கட்டுரை எழுதிக்கொண்டு வந்தார். டூ லைவ் க்ரூ, பாய்சன் க்ளான், ஏ.எம்.ஜி., அகின்யெலே என்று ராப் குழுக்களையும் ராப்பர்களையும் வரிசையாக எடுத்து, எந்தக் கம்பெனி, யாருடைய பீட் (பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசை), எந்த ஊர் என்று ஒன்றுவிடாமல் எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் ‘அப்போது யாரும் இதைத் தப்பாக நினைக்கவில்லை, இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது’ என்று முடித்திருந்தார். அந்த ஒரு வரியில் அவ்வளவு உழைப்பும் வீணாகிவிட்டது. காரணம், அது உண்மை இல்லை. அப்போது எழுந்த சத்தம் அமெரிக்க நீதிமன்றங்களிலேயே பதிவாகியிருக்கிறது.

1990 ஜூன் 6ஆம் தேதி ஃபுளோரிடாவில் ஒரு ஃபெடரல் நீதிபதி ‘ஆஸ் நாஸ்டி’ ஆல்பம் ஆபாசமானது, சட்டப் பாதுகாப்பு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு இசை ஆல்பத்துக்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. இரண்டு நாளில், அதை விற்றதற்காக ஃபோர்ட் லாடர்டேலில் சார்ல்ஸ் ஃப்ரீமன் என்கிற கறுப்பினக் கடைக்காரரைக் கைது செய்தார்கள். அதற்கடுத்த இரண்டு நாளில் ஹாலிவுட் என்கிற ஃபுளோரிடா ஊரில், பெரியவர்களுக்கு மட்டுமான நிகழ்ச்சியில் பாடிய குழுவினரையும் பிடித்தார்கள். அக்டோபரில் முழுக்க வெள்ளையர்கள் கொண்ட ஜூரி ஃப்ரீமனைக் குற்றவாளி என்றது, 1,000 டாலர் அபராதம். அதே அக்டோபரில் குழுவினர் விடுதலையானார்கள். அந்த விசாரணையில் போலீஸ் ரகசியமாக எடுத்த டேப்பில் பாதி வார்த்தை புரியவில்லை, ஜூரிக்காரர்கள் ‘நாங்கள் சிரிக்கலாமா’ என்று நீதிபதியிடம் அனுமதி கேட்டுச் சிரித்தார்கள். பாடியவர் வீட்டுக்குப் போனார், விற்றவர் தண்டனை வாங்கினார். அப்புறம் 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆல்பம் ஆபாசமானது என்ற அந்த முதல் தீர்ப்பை ரத்து செய்தது. இவ்வளவு நடந்த காலத்தைப் பற்றி ‘யாரும் தப்பாக நினைக்கவில்லை’ என்று எழுதினால் என்ன அர்த்தம்?

தம்பியிடம் இதைச் சொன்னேன். ‘அது போலீஸும் அரசியல்வாதிகளும் செய்தது அண்ணா, கறுப்பினத்தவர்கள் மேல் இருந்த வெறுப்பு, பாட்டைக் கேட்டவர்கள் தப்பாக நினைக்கவில்லை’ என்றார். பாதி சரி. வழக்கில் இனப் பாகுபாடு இருந்தது, அதை அப்போதே பலர் சொன்னார்கள். குழுவுக்காக நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ், இந்தப் பாட்டுகள் கறுப்பின வாய்மொழி மரபின் பகடி என்று வாதாடினார். ஆனால் அதே கேட்ஸ், அதே 1990இல் நியூயார்க் டைம்ஸில் எழுதியபோது, ஆபாசத்தைவிட இவர்கள் பெண்களைப் பேசும் விதம்தான் அதிகம் உறுத்துகிறது என்றும் சொல்லியிருந்தார். ஆதரித்தவரே சொன்னது அது.

அவருக்குப் பதில் சொல்வதுபோல 1991இல் கறுப்பினச் சட்டப் பேராசிரியை கிம்பர்லே கிரென்ஷா பாஸ்டன் ரெவ்யூ இதழில் எழுதிய கட்டுரையை, இந்த ஆல்பங்களைப் பற்றி எழுத நினைக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். குழுவைத் தேர்ந்தெடுத்து வழக்குப் போட்டது இனவெறி என்கிறார், கறுப்பினப் பெண்களைப் பாதுகாக்கத்தான் வழக்கு என்று யாராவது சொன்னால் அதை நம்பவும் அவர் தயாரில்லை. அடுத்த மூச்சில், மரபு என்றோ நகைச்சுவை என்றோ சொல்லி அந்த வரிகளைத் தப்பவிடவும் மறுக்கிறார், ஏனென்றால் அந்தச் சிரிப்புக்கு விலை கொடுப்பவர்கள் கறுப்பினப் பெண்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல முடியும் என்று அவர் அப்போதே காட்டிவிட்டார். முப்பது வருஷம் கழித்து வருகிற நாம் இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நழுவுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

மைக்கைப் பிடித்தே பதில் சொன்ன பெண்களும் இருந்தார்கள். 1990இல் ராப்பர் ஐஸ் க்யூபின் சொந்த ஆல்பத்திலேயே, ‘இட்ஸ் எ மேன்ஸ் வேர்ல்ட்’ பாட்டில், யோ-யோ என்கிற பெண் ராப்பர் அவரோடு வரிக்கு வரி மல்லுக்கு நிற்கிறார். நியூயார்க்கிலிருந்து பிட்சஸ் வித் ப்ராப்ளம்ஸ் என்ற இரண்டு பெண்கள் 1991இல் கொலம்பியா வழியாக ‘தி பிட்சஸ்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். பெயரைப் பார்த்துவிட்டு, ஆண்கள் குழுவின் பெண் நகல் என்று எல்லோரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் பிரபலமானது ‘டூ மினிட் பிரதர்’, வாய்கிழியப் பேசுகிற ஆணுக்குப் படுக்கையில் இரண்டு நிமிஷம்தான் தாங்குகிறது என்று வறுத்தெடுக்கிற பாட்டு, இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அதே ஆல்பத்தில் ‘நோ மீன்ஸ் நோ’ இருக்கிறது: தெரிந்த ஆணே செய்கிற பாலியல் வன்முறையைப் பற்றிய பாட்டு. ‘வான்டட்’ இருக்கிறது, போலீஸ் அடாவடியைப் பற்றியது. ஏ.எம்.ஜி.யின் ஆல்பம் கடைக்கு வந்த அதே ஆண்டில், அதே கடை அலமாரியில், இந்த எதிர்க்குரல் இருந்தது. தம்பிக்கு ‘நோ மீன்ஸ் நோ’வைப் போட்டுக் காட்டினேன். முடியும்வரை பேசவில்லை. அப்புறம், ‘கடைசிப் பத்தியை எடுத்துடறேன்’ என்றார். எடுத்தால் போதாது, அந்த இடத்தில் யார், எந்த வருஷம், என்ன சொல்லி எதிர்த்தார்கள் என்று எழுது என்றேன். அதைத்தான் எல்லோரிடமும் கேட்கிறேன். ‘அந்தக் காலம்’ என்று எழுதக் கை போனால், அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒரு ஆளின் பெயரை எழுதுங்கள்.

1993இல் வந்த அகின்யெலேயின் ‘வஜைனா டைனர்’ இந்த விஷயத்தில் நல்ல சோதனை. தயாரிப்பாளர் லார்ஜ் ப்ரொஃபசர் போட்ட பீட்டுகள். அந்த ஆண்டு நியூயார்க்கின் க்வீன்ஸ் பகுதியிலிருந்து வந்த சிறந்த வேலைகளில் ஒன்று என்று நான் தயங்காமல் சொல்வேன். அகின்யெலே வரிகளுக்கு நடுவில் விடுகிற சத்தங்களும், சந்தத்தை ஒடித்துத் திரும்பப் பிடிக்கிற விதமும் இன்றைக்கும் காதை நிமிர்த்தும். அதே ஆல்பத்தில், கர்ப்பமான காதலியைத் தாக்குவதைப் பற்றிப் பேசுகிற ‘ஐ லஹ் ஹஹ்’ பாட்டும் இருக்கிறது. வந்தபோதே அதைக் கண்டித்தார்கள். பீட்டைப் புகழ்ந்துவிட்டு அந்தப் பாட்டைச் சொல்லாமல் தாண்டுகிற கட்டுரையும், அந்தப் பாட்டை மட்டும் சொல்லிவிட்டு மற்றதைக் கேட்காமலே மூடுகிற கட்டுரையும் எனக்கு ஒன்றுதான். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது, ஆல்பத்தை ஓட்டும்போது ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் மனசு சுருங்குகிறது, அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பாட்டுகளுக்கு நடுவில் வரும் ஸ்கிட்களை, அதாவது குட்டி நாடகத் துண்டுகளைத் தாண்டுவது

தாண்டாதீர்கள்.

பாட்டு வரிகளை இணையத்திலிருந்து எடுப்பது

அதிகம் பேர் கேட்காத ஆல்பங்களின் வரிகளை யாரோ ஒருவர் ஒரே தடவை கேட்டு எழுதியிருப்பார். காதால் கேட்டு எழுதுங்கள்.

அரிதாகக் கிடைப்பதால் நல்லது என்று முடிவு கட்டுவது

கிடைக்காத ஆல்பத்துக்கு விலை ஏறும், விலை ஏறினால் ‘மறைந்திருந்த பொக்கிஷம்’ என்று யாராவது எழுதுவார், எழுதியதைப் பார்த்து விலை இன்னும் ஏறும். குறைவாக அச்சிட்டதாலோ, சாம்பிள் தகராறாலோ, கம்பெனி மூடியதாலோ ஒரு ஆல்பம் அரிதாகிவிடும், பாட்டின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பின்னணி சுவாரசியமாக இருப்பதும் இதே மயக்கத்தைக் கொடுக்கும். ராப்பர் ஹை-சியின் ‘ஸ்கேன்லெஸ்’ 1991இல் ஹாலிவுட் பேசிக் கம்பெனி வழியாக வந்தது, ஹாலிவுட் பேசிக் டிஸ்னிக்குச் சொந்தமான ஹாலிவுட் ரெக்கார்ட்ஸின் கிளை. மிக்கி மவுஸ் கம்பெனி காசில் கலிஃபோர்னியாவின் காம்ப்டன் ஊர்ப் பையனின் பச்சைப் பேச்சு என்று சொன்னதுமே எல்லோருக்கும் ஆல்பம் பிடித்துப்போகிறது. எனக்கும் அந்த ஆல்பம் பிடிக்கும், ஆனால் அது ‘ஐ’ம் நாட் யுவர் பப்பெட்’ பாட்டின் சுறுசுறுப்புக்காக. இரண்டாம் பாதி தொய்கிறது. பெரிய பணம் கொடுத்து சிடி வாங்குவதற்கு முன்னால், எங்கேயாவது முழுசாக ஒரு தடவை கேட்டுவிடுங்கள், முக்கியமாக இரண்டாம் பாதியை.