வாசகர் வட்டமும் தனி நாவலும்: ஃபேன்டஸியைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதம் ஒருமுறை கூடுகிற வாசகர் வட்டத்துக்கு ஃபேன்டஸி எனும் மாயப் புனைவு நாவல் எடுப்பதென்றால் அது தொடரின் பாகமாக இல்லாமல் தனி நாவலாக இருக்க வேண்டும் என்பதில் பொதுவாக யாருக்கும் மாற்றுக்கருத்து இருப்பதில்லை. பாதியில் நிற்கிற கதையைப் பற்றி 14 பேர் வட்டமாக உட்கார்ந்து பேசினால் அந்தப் பேச்சு ‘அடுத்து என்ன ஆகும்’ என்ற ஊகத்திலேயே கழிந்துவிடும்; மீதிப் பாகங்களை ஏற்கெனவே படித்தவர் ஒருவர் இருந்துவிட்டாலோ, அவரைப் பேசாமல் வைத்திருப்பதே பெரும்பாடாகிவிடும். இவ்வளவும் தெரிந்திருந்தும் கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் நடத்துகிற வட்டம் பலமுறை தவறான புத்தகத்தை எடுத்திருக்கிறது.

முதல் தவறு, தனித் தலைப்பு இருப்பதாலேயே ஒன்றைத் தனி நாவல் என்று நம்பிவிடுவது. டோல்கினின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ஒரே நாவலாக எழுதப்பட்டது. போருக்குப் பிந்தைய காகித விலையையும் அச்சுச் செலவையும் கருதிப் பதிப்பகத்தார் அதை 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று புத்தகங்களாகப் பிரித்து வெளியிட்டார்கள். முதல் புத்தகத்துக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் பயணக் குழு சிதறி ஆளுக்கொரு திசையில் பிரிகிற இடத்தில் அது நின்றுவிடுகிறது. அதைத்தான் நாங்கள் ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொண்டு, கூட்டத்தன்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. அதே உலகத்தில் இன்னொரு புத்தகம் வந்துவிட்டது என்பதற்காகவே நல்ல நாவலை ஒதுக்கிவிடுகிறார்கள். சமந்தா ஷானனின் ‘தி பிரையரி ஆஃப் தி ஆரஞ்ச் ட்ரீ’ 2019இல் தனி நாவலாகத்தான் வந்தது. அதே உலகின் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய கதை 2023இல் வெளிவந்ததால் முந்தைய நாவலின் முடிவு முடிவில்லாமல் போய்விடவில்லை. டோல்கினின் ‘ஹாபிட்’ இன்னும் சுவாரசியமான கதை: 1937இல் தனியாக வெளிவந்த அந்த நாவலின் விடுகதை அத்தியாயத்தை, பின்னால் எழுதிய ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையோடு பொருந்தும்படி அவரே திருத்தினார், அந்தத் திருத்தம் 1951 பதிப்பில் இடம்பெற்றது. எனவே அட்டையில் உள்ள விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு, தொடக்கத்தில் நாவல் எழுப்புகிற கேள்விக்கு அதே இரண்டு அட்டைகளுக்குள் விடை கிடைக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

ஆசிரியரின் பெயரை மட்டும் நம்பி எடுப்பது அடுத்த தவறு. சுசானா கிளார்க்கின் ‘பிரனேசி’ 2020இல் வெளிவந்தது. 300 பக்கத்துக்குள் அடங்குவது, பாத்திரங்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம், சிலைகள் நிறைந்த முடிவற்ற மாளிகைக்குள் கடல் ஏறி இறங்குகிற காட்சியோ படித்தவர் மனத்தைவிட்டு அகலாது. அதே ஆசிரியர் 2004இல் வெளியிட்ட முதல் நாவலும் தனி நாவல்தான், சிறந்த நாவலும்கூட. ஆனால் அது ஏறத்தாழ 800 பக்கங்கள் கொண்டது, போதாக்குறைக்குப் பக்கக்கணக்கில் நீளும் அடிக்குறிப்புகள் வேறு. மாதத்தில் 30 நாள் என்று வைத்தால் முன்னதற்கு நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் போதும், பின்னதற்கு 27 பக்கம் வேண்டும். தை, மாசியில் மஞ்சள் வெட்டு நடக்கிற தோட்டத்துக்காரரும், ஷிப்மெண்ட் நாள் நெருங்கினால் இரவு பதினோரு மணிக்குத் திருப்பூரிலிருந்து வீடு திரும்புகிற பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசரும் உள்ள வட்டத்தில், அந்த 27 பக்கம் மூன்றாம் நாளே கைவிடப்படும். பங்குனியில் மாரியம்மன் நோம்பி (திருவிழா) வருகிற மாதத்துக்கு நாங்கள் 200 பக்கத்துக்கு மேல் எடுப்பதே இல்லை.

பெரிய நாவல்கள் கூடவே கூடாது என்பதில்லை. 1997இல் வெளிவந்த ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ 800 பக்கத்தைத் தாண்டுவது. ஆனால் அது மூன்று காண்டங்களாக அமைந்திருப்பதால் மாதத்துக்கு ஒரு காண்டம் என்று பகுத்துக்கொள்ள வழி இருக்கிறது. புதிதாகத் தொடங்கிய வட்டம் அதை முதல் புத்தகமாக எடுப்பதைத்தான் தவறு என்கிறேன்.

பக்க எண்ணிக்கையைவிடவும் ஆளை விரட்டுவது பெயர்களின் நெரிசல். முதல் 50 பக்கத்துக்குள் இருபது ஊர்களும் முப்பது ஆட்களும் வந்துபோகிற நாவலை, பின்னிணைப்பில் பெயர்ப்பட்டியல் இருக்கிறதே என்ற துணிவில் எடுக்கக் கூடாது. நாவலோடு வருகிற வரைபடமும் கைப்பேசித் திரையில் படிப்பவருக்கு ஒரு புள்ளிக்கோலமாகத்தான் தெரியும். இந்த நெரிசலைக் காணாமல், “நம்ம ஆளுகளுக்கு மாயாஜாலக் கதை பிடிக்காது” என்று பழியை வாசகர்மேல் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொங்கு நாட்டார் காவியமான அண்ணன்மார் சாமி கதையை உடுக்கடிப் பாட்டாக இரவு இரவாகக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு, கொம்பன் என்கிற காட்டுப்பன்றி படையையே எதிர்த்து நிற்பதையும், மாண்டவர்கள் படுகளத்தில் உயிர்பெற்று எழுவதையும் ஏற்பதில் எந்தத் தடையும் இருந்ததில்லை. அந்தக் கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்பதைப் பாடுகிறவர் விடாமல் நினைவூட்டிக்கொண்டே போவார்; அந்த உதவி இல்லாத புத்தகத்தில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள்.

ஃபேன்டஸி என்றால் பிள்ளைகளுக்கானது என்று எண்ணுவது இதைவிட ஆபத்தானது. எங்கள் வட்டத்துக்குப் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளை உடன் அழைத்துவருகிற தாய் ஒருவர் இருக்கிறார். பெரியவர்களுக்கென்று எழுதப்பட்ட நாவலில் போர்க் கொடுமைகளும் பாலியல் வன்முறையும் இருந்தால் அதைப் புத்தகத்தை அறிவிக்கும்போதே சொல்லிவிடுவது தேர்ந்தெடுத்தவரின் கடமை.

மொழியைக் கணக்கில் கொள்ளாததும் எங்களிடம் இருந்த குறைதான். ஆங்கிலத்தில் மட்டும் கிடைக்கிற நாவலை எடுத்த மாதங்களில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, கல்லூரி மாணவர்கள் பேச, தமிழில் மட்டும் படிக்கிற மூத்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழாக்கம் இருந்தாலும் அது முழுமையானதா, சுருக்கப் பதிப்பா என்று பார்க்க வேண்டும். ஒரே நாவலை இருவேறு நீளத்தில் படித்துவிட்டு வந்தவர்களின் விவாதம் எங்கேயும் போய்ச் சேராது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்புகிற திருட்டு பிடிஎஃபை நம்பித் திட்டமிடுவது அறமும் இல்லை, வசதியும் இல்லை. 2005 முதல் நடந்துவருகிற ஈரோடு புத்தகத் திருவிழாவில் மொத்தமாக வாங்குவதே எங்கள் வழக்கம். பிந்தைய மாதங்களுக்கான தேர்வை அதற்குள் முடித்துவிடுகிறோம்.

நம் வாழ்க்கைக்கு மிக நெருக்கமான கதையை எடுப்பதிலும் ஒரு கண்ணி உண்டு என்பதைப் பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ எங்களுக்குக் காட்டியது. 2016இல் வெளிவந்த அந்தச் சிறிய நாவலை அனைவரும் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டே வந்திருந்தார்கள். ஆனால் பேச்சு அரை மணி நேரத்துக்குள் அவரவர் பட்டியில் இருந்த ஆடுகளைப் பற்றியதாக மாறி, குட்டிக்குக் காது குத்தி அரசாங்கம் கணக்கில் ஏற்றுகிற இடத்துக்கு யாருமே வந்து சேரவில்லை. அதற்காக அந்தத் தேர்வை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். பேச வேண்டிய இரண்டு மூன்று இடங்களை முன்கூட்டியே குறித்துக் கொடுக்காததுதான் தவறு.

இப்போது வாக்கெடுப்பை மட்டும் நம்புவதை விட்டுவிட்டோம், ஏனென்றால் வாக்கில் எப்போதும் திரைப்படமாக வந்த நாவலே வென்றது, பாதிப் பேர் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். முன்மொழிகிறவரும், அந்த வகை நாவலில் பெரிய ஆர்வமில்லாத இன்னொருவரும் புத்தகத்தை முழுமையாகப் படித்து, முடிவைப் பற்றித் தங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அந்தத் தலைப்பு பட்டியலுக்குள் வருகிறது.