வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒரு பீர் பிறந்தநாள்

எனக்கு பீர் பிடிக்காது. காசு கொடுத்துக் கசப்பை வாங்குவானேன், பாகற்காய்தான் வீட்டிலேயே காய்க்கிறதே என்று கேட்கிற ஆள் நான். ஆனாலும் என் வீட்டுக்காரரின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு, நியூ ஜெர்சி எடிசனில் எங்கள் பேக்யார்டில், பீரை வைத்தே ஒரு சர்ப்ரைஸ் பார்ட்டி நடத்தினேன். அதிலிருந்து தெரிந்தவர்கள் வீட்டில் யாருக்கு நாற்பது, ஐம்பது வந்தாலும் "அக்கா, அந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் அனுப்புங்க" என்று மெசேஜ் வந்துவிடுகிறது. ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இது குடிக்கிற பார்ட்டியா, ருசி பார்க்கிற பார்ட்டியா? குடிக்கிற பார்ட்டி என்றால் ஒரு ஐஸ் பெட்டியும் நாலு பேரும் போதும், அதற்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. ருசி பார்க்கிற பார்ட்டி என்றால் குடிக்காதவர்களுக்கும் அதில் வேலை உண்டு, சாப்பாட்டுக்கும் மரியாதை உண்டு. நான் சொல்லப்போவது இரண்டாவது வகை.

ரகசியத்தை இந்தக் காலத்தில் மனிதர்கள் உடைப்பதில்லை, போன்தான் உடைக்கிறது. வாசல் டோர்பெல் கேமரா, ஆள் வந்ததும் வீட்டுக்காரருடைய போனுக்கு வீடியோ அனுப்பிவிடும். அன்று மதியமே அதன் பேட்டரியைக் கழற்றி "சார்ஜ் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். இருவருக்கும் பொதுவான கிரெடிட் கார்டில் மதுக்கடைக்குக் காசு கட்டினால் அலர்ட் போகும், ரொக்கமாகக் கொடுங்கள். இங்கே பெரும்பாலான சூப்பர் மார்க்கெட்டுகளில் பீர் கிடையாது, தனிக் கடைக்குத்தான் போக வேண்டும். அதனால் மளிகை பில்லுக்குள் ஒளிக்கிற வழியும் இல்லை. வாட்ஸ்அப் குழுவுக்கு "நவராத்திரி கொலு பிளானிங்" என்று பெயர் வையுங்கள், எந்தக் கணவரும் எட்டிப் பார்க்க மாட்டார். வாங்கிய பீர் பக்கத்து வீட்டு கராஜில் இருக்கட்டும். வருகிறவர்கள் காரை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வரட்டும். வாசலில் பத்து டொயோட்டா வரிசையாக நின்றால் குழந்தைக்கே புரிந்துவிடும்.

அவரை வெளியே அழைத்துப்போகப் பொய் சொல்லத் தெரிந்த ஒரு நண்பர் வேண்டும். சனிக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறவர் என்றால் உங்கள் பாதி வேலை முடிந்தது. விருந்தினர் நாலரைக்கு, அவர் ஐந்தரைக்கு. ஜூனில் இங்கே எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும், விளக்கை அணைத்து இருட்டில் கத்துகிற கதையெல்லாம் நடக்காது. "பின்னாடி ஸ்பிரிங்க்ளர் ஒழுகுது, சைட் கேட் வழியா வந்து பாருங்க" என்று போன் செய்யுங்கள். கராஜ் சுவரோரம் எல்லோரும் ஒட்டி நின்றால் கேட்டைத் திறக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் கையில் கான்ஃபெட்டி பாப்பரைக் கொடுத்துவிடுங்கள். பொறுப்பு கொடுத்தால்தான் அதுகள் வாயை மூடும்.

இனி பீர் கணக்கு. பெரியவர்கள் இருபத்தைந்து பேர் என்றால் நம் கூட்டத்தில் குடிப்பவர் பன்னிரண்டு பேர்தான் தேறுவார்கள். முதல் மணி நேரத்துக்கு ஆளுக்கு இரண்டு, அப்புறம் மணிக்கு ஒன்று. நாலு மணி நேரத்துக்கு ஆளுக்கு ஐந்து, மொத்தம் 60 கேன். 24 கேன் கொண்ட கேஸ் இரண்டரை. சின்னக் கப்பில் ஊற்றிக் கொடுக்கிற பார்ட்டிக்கு இதுவே அதிகம். கெக், அதாவது பீர் பீப்பாய், எடுக்கலாமே என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். பெரிய கெக்கில் 58 லிட்டருக்கு மேல் இருக்கும், நிறைந்த நிலையில் எடை 70 கிலோவைத் தாண்டும். கையால் அழுத்துகிற பம்ப் உள்ளே காற்றை ஏற்றுவதால் மறுநாளே ருசி போய்விடும். கல்லூரிப் பையன்களுக்குச் சரி, நமக்கு வேண்டாம்.

நாலு வகை போதும். லேசானதில் தொடங்கிக் கருப்பில் முடியுங்கள். முதலில் பில்ஸ்னர். 1842இல் செக் நாட்டு பில்சென் நகரில் பிறந்த பொன்னிற லாகர், அதாவது குளிரில் வைத்து நிதானமாகப் பக்குவப்படுத்துகிற பீர். அடுத்தது ஜெர்மானியக் கோதுமை பீர். வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் அடிக்கும், ஆனால் இரண்டையும் யாரும் போடுவதில்லை, ஈஸ்ட் செய்கிற வேலை. எனக்குப் பிடித்த ஒரே வாய் இதுதான். மூன்றாவது ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல். ஹாப்ஸ் என்கிற பூவின் கசப்பு தூக்கலாக இருக்கிற பீர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனிலிருந்து ஹாட்ஜ்சன் என்பவரின் ப்ரூவரி, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவுக்கு அனுப்பிய ஏலின் வழி வந்தது. கடைசியில் ஸ்டவுட். கருப்பாக இருந்தாலே போதை அதிகம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். இலங்கை லயன் ஸ்டவுட்டில் 8.8. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவைக் கடைசியில் சொல்லுங்கள், நல்ல சர்ச்சை நடக்கும். லயனை ஆளுக்கு இரண்டு மடக்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

இதை விளையாட்டாக்குவது சுலபம். பாட்டில்களைப் பழுப்புக் காகிதப் பையில் சுற்றி 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில், 120 மில்லி பிளாஸ்டிக் கப். என்ன வகை, என்ன வாசனை என்று எழுத வேண்டும். பீர் பற்றி அதிகம் பேசுகிறவர்தான் வழக்கமாகத் தோற்பார். குடிக்காதவர்கள் முகர்ந்து பார்த்தே எழுதலாம். சாம்பார் கொதிக்கும்போதே உப்பு குறைவா கூடவா என்று சொல்கிற மூக்குகள் நம்முடையவை, ஜெயித்துவிடுவார்கள்.

ஐஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். வெறும் ஐஸில் புதைத்தால் கேன் குளிர நேரமாகும். டப்பில் பாதி ஐஸ், அது மூழ்கத் தண்ணீர், இரண்டு கை உப்பு. அரை மணிக்குள் சில்லென்று ஆகிவிடும். ஸ்டவுட்டை மட்டும் பரிமாறுவதற்குக் கால் மணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள், அதிகம் குளிர்ந்தால் அதன் காபி, சாக்லேட் ருசி தெரியாது. டப்பை நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றமடிக்கும், பச்சை பாட்டில்களில் இது சீக்கிரம் நடக்கும். ஓப்பனரைக் கயிறு போட்டு டப்பின் கைப்பிடியில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மாலை முழுக்க அதைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். கண்ணாடிக் கிளாஸ் வேண்டாம், புல்லில் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடும்.

சைடிஷ்தான் என் ராஜ்ஜியம். ஐபிஏவின் கசப்பு காரத்தை இன்னும் ஏற்றிவிடும். செட்டிநாடு மிளகு சிக்கனை அதோடு வைத்தால் பாதிப்பேர் தண்ணீர் கேட்பார்கள். மிளகு சிக்கனுக்குப் பில்ஸ்னர், பிரியாணிக்குக் கோதுமை பீர். ஐபிஏவுக்குக் காரம் குறைந்த, எண்ணெயில் பொரித்த வெங்காய பஜ்ஜி. அந்த பஜ்ஜி மாவில் தண்ணீருக்குப் பதில் குளிர்ந்த லாகர் ஊற்றினால் மேல்தோல் மொறுமொறுவென்று வரும். ஆனால் பீர் சேர்க்காத மாவும் தனிச்சட்டியில் கட்டாயம் வேண்டும், எது எது என்று சீட்டு எழுதி வையுங்கள். தெரியாமல் ஒருவர் வாயில் போட வைப்பது பாவம். வேகவைத்த கடலை, மாங்காய்த் துருவல் தூவிய சுண்டல், முறுக்கு இதெல்லாம் முதல் கப்புக்கு முன்பே மேஜைக்கு வந்துவிட வேண்டும். ஸ்டவுட்டுக்கு குலாப் ஜாமூன். நம்பாவிட்டால் செய்து பாருங்கள்.

கோடையில் பாதி வீடுகளில் ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்திருப்பார்கள். மறைக்க வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் மாமியாரிடம் சொன்னபோது, "எல்லாரும் சாப்பிட்டுட்டுக் குடிக்கட்டும்மா" என்றார். அதைவிட நல்ல விதி நான் எங்கும் படித்ததில்லை. அவர்களுக்கு மரத்தடியில் நல்ல நாற்காலி, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் காற்றில் கொசுவால் பறக்க முடியாது, மெழுகுவர்த்தியைவிட அது உத்தமம். பிள்ளைகளுக்கு ரூட் பீரில் வெனிலா ஐஸ்கிரீம் மிதக்கவிட்டுக் கொடுங்கள், அதில் ஆல்கஹால் கிடையாது. அதன் டப் வேறு நிறத்தில், வேறு மூலையில் இருக்கட்டும்.

கேக்குக்கு முன்னால் கேன் கேக். கீழே 19 கேன், நடுவில் 7, உச்சியில் 1. வட்டமாக நெருக்கி அடுக்கினால் இந்த எண்ணிக்கை இடைவெளியில்லாமல் பொருந்தும். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் வட்ட அட்டை, சுற்றி ரிப்பன். உச்சிக் கேன் மேல் ஒரு கப் கேக்கை வைத்து மெழுகுவர்த்தி குத்திவிடலாம். வெட்டுவதற்கு முட்டையில்லாத நிஜக் கேக் தனியாக. அவருடைய பள்ளிக்கூடப் போட்டோவை லேபிளாக ஒட்ட ஆசைப்பட்டால் வினைல் ஸ்டிக்கரில் அச்சடியுங்கள், காகிதம் ஐஸ் தண்ணீரில் கூழாகிவிடும்.

கார் விஷயத்தில் நான் கறார். போதை ஏறியவர் கார் ஓட்டப்போகிறார் என்று தெரிந்தும் வீட்டில் ஊற்றிக் கொடுத்தவரும் விபத்துக்குப் பொறுப்பு என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1984இல், கெல்லி எதிர் க்வின்னெல் வழக்கில், தீர்ப்பளித்திருக்கிறது. ரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது இங்கே சட்ட வரம்பு. ஹெச்1பி என்கிற வேலை விசாவில் இருப்பவர் போதையில் ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே விசா ரத்தாகவும் வாய்ப்பு உண்டு. அதனால் கேட்டருகே ஒரு கூடை வைத்து, குடிக்கிறவர்களின் சாவியை வாங்கிவிடுங்கள். இன்னொன்று: மனைவிதான் ஓட்டுவார் என்று யாரும் தாங்களாகவே முடிவு செய்யக் கூடாது. யார் குடிக்கப்போகிறார்கள், யார் ஓட்டப்போகிறார்கள் என்று அழைக்கும்போதே தம்பதியிடம் கேளுங்கள். எங்கள் பார்ட்டியில் ஐபிஏவைச் சரியாகக் கண்டுபிடித்தவர் ஒரு பெண், அவரை வீட்டுக்கு ஓட்டிப்போனவர் அவர் கணவர். மற்றவர்களுக்கு ஊபர்.

ஒன்பதரைக்குப் பாட்டை நிறுத்தி ரசமும் சாதமும் கொண்டுவந்து வைத்தால் கூட்டம் தானாகக் கிளம்பும். காலிக் கேன்களை அன்றிரவே அலசிப் போடுங்கள், இல்லாவிட்டால் காலையில் குளவி மொய்க்கும். கப்பில் மிச்சமான பீரைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கத்தரிச் செடியருகே விளிம்பு வரை மண்ணில் புதைத்து வையுங்கள், இலையை ஓட்டை போடுகிற ஓடில்லா நத்தையெல்லாம் அதில் வந்து விழும்.